பாலிசி 5 லட்சம், ஆம்புலன்ஸுக்கு 2,000: மீதியை யார் கட்டுவது?

வேளச்சேரி விஸ்வா

போன மாதம் நடந்தது. அம்மாவுக்கு 71 வயது. விடிகாலை நாலரை மணிக்கு பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டார். 108க்குப் போன் செய்தேன், வந்தார்கள். ஈஎம்டி (வண்டியில் வரும் அவசர மருத்துவ உதவியாளர்) தம்பி இடுப்பை அசைக்காமல் கட்டுப் போட்டு, ஸ்கூப் ஸ்ட்ரெச்சரில் இரண்டு மாடி இறக்கினார். எங்கே போகலாம் என்று கேட்டபோது, பக்கத்தில் இருந்த தனியார் ஆஸ்பத்திரியைச் சொன்னது நான்தான். ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை.

பிரச்சினை அன்று மதியம் ஆரம்பித்தது. எலும்பு முறிவோடு இதயத் துடிப்பும் சரியில்லை, இங்கே கார்டியாலஜி ஐசியூ கிடையாது, வேறு இடத்துக்கு மாற்றுங்கள் என்றார்கள். 14 கிலோமீட்டர். வண்டியை அவர்களே வரவழைத்தார்கள். இறங்கும்போது டிரைவர் கையில் ஒரு ரோஸ் கலர் துண்டுச்சீட்டு: 8,500 ரூபாய். வண்டி எண் இல்லை, நோயாளி பெயர் இல்லை. வெறும் தொகை, ஒரு கையெழுத்து. அந்த நேரத்தில் பேரம் பேசுவதா? கொடுத்துவிட்டேன்.

என் பாலிசி 5 லட்சத்துக்கு. க்ளெய்மில் ஆம்புலன்ஸ் தொகையை அப்படியே நீக்கிவிட்டார்கள், "பில் ஏற்கத்தக்கதல்ல" என்று. பில் சரியாக இருந்திருந்தாலும் 2,000தான் உச்சவரம்பாம்.

என் கேள்வி என் பாலிசியைப் பற்றி மட்டும் அல்ல. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் தருகிறார்கள். அந்தப் பணத்தில் ஆம்புலன்ஸுக்கும் ஒரு பங்கு ஒதுக்கினால் என்ன? வைத்தியத்துக்குக் காசு உண்டு, போய்ச் சேருவதற்கு இல்லை என்றால் என்ன நியாயம்?

கொரட்டூர் குமார்

108 இலவசம்தானே சார். தனியார் வண்டி எதுக்கு?

வேளச்சேரி விஸ்வா

கூப்பிட்டுப் பார்த்தோம் குமார். தனியார் ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொரு தனியார் ஆஸ்பத்திரிக்கு மாற்ற அது வராது. அரசு ஆஸ்பத்திரிகளுக்குள் மாற்றுவதற்கு உண்டு. அவர்கள் சொன்ன காரணம் எனக்குப் புரிகிறது, குறை சொல்லவில்லை.

பிரீமியம் பாலு

இன்சூரன்ஸ் ஏஜென்ட் வேலை பார்ப்பவன். விஸ்வா சார் கேட்டதற்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன்.

2020 ஏப்ரலில் எல்லா கம்பெனியும் விற்றாக வேண்டும் என்று இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ கொண்டுவந்த ஸ்டாண்டர்டு பாலிசி ஆரோக்கிய சஞ்சீவனி. அதில் ரோடு ஆம்புலன்ஸுக்கு ஒரு அட்மிஷனுக்கு 2,000 ரூபாய் வரை. பல கம்பெனிகளின் சொந்த பாலிசிகளிலும் இதை ஒட்டித்தான் இருக்கும், விலை கூடின பிளானில் கூடும். ஆனால் தொகையைவிட நிபந்தனைதான் முக்கியம்: அட்மிஷன் ஆகி, அந்த அட்மிஷன் க்ளெய்ம் ஏற்கப்பட்டால்தான் ஆம்புலன்ஸ் பில்லையே திறந்து பார்ப்பார்கள். எமர்ஜென்சியில் பார்த்துவிட்டு "வாயுப் பிடிப்பு, வீட்டுக்குப் போங்க" என்று அனுப்பிவிட்டால் வண்டிக் காசு உங்களுடையது.

அரசுத் திட்டத்துக்கு வருவோம். 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாக ஆரம்பித்து, 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறி, 2018ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டத்தோடு சேர்ந்தது. யுனைடெட் இந்தியா இன்சூரன்ஸ் கம்பெனி மூலம் நடக்கிறது. இதில் பணம் போவது "பேக்கேஜ்" கணக்கில்: இந்த ஆபரேஷனுக்கு இவ்வளவு, இந்த சிகிச்சைக்கு இவ்வளவு என்று ஆஸ்பத்திரிக்குப் போகும். ஆயுஷ்மான் பட்டியலை எடுத்துப் பாருங்கள். அட்மிஷனுக்கு முன் 3 நாள், பின் 15 நாள், மருந்து, டெஸ்ட், ஐசியூ, சாப்பாடு எல்லாம் உண்டு. வண்டி கிடையாது.

வேடிக்கை என்னவென்றால் இதற்கு முன் மத்திய அரசு 2008ல் ஏழைக் குடும்பங்களுக்குக் கொண்டுவந்த ஆர்எஸ்பிஒய் காப்பீட்டுத் திட்டத்தில் மொத்தக் காப்பீடே 30,000 ரூபாய்தான். அதில் போக்குவரத்துக்கு என்று ஒரு தடவைக்கு 100, ஆண்டுக்கு 1,000 வரை இருந்தது. காப்பீடு 5 லட்சம் ஆனது, அந்த 100 ரூபாய் காணாமல் போனது.

கொரட்டூர் குமார்

100 ரூபாயில் ஷேர் ஆட்டோ ஆம்புலன்ஸா 😄

பிரீமியம் பாலு

கிராமத்தில் 2008ல் 100 ரூபாய் சும்மா இல்லை குமார்.

பழைய ஈஎம்டி

சில வருடங்கள் 108ல் ஈஎம்டியாக இருந்தேன், இப்போது ஒரு ஆஸ்பத்திரியில் வேலை. விஸ்வா சார், உங்கள் கோபம் நியாயம். ஆனால் கேட்கும் மருந்து தப்பு என்று எனக்குப் படுகிறது. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ராத்திரி ஷிப்டில் எங்கள் வண்டி வடசென்னையில் ஒரு மரத்தடியில் நிற்கும். எட்டு மணிக்கு ஏறினதும் ஆக்சிஜன் சிலிண்டரில் எவ்வளவு இருக்கிறது, சக்‌ஷன் இழுக்கிறதா, ஏஇடி (இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் கருவி) பேட்டரி, பிரசவ கிட்டில் தொப்புள்கொடிக் கிளாம்ப், குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப் எக்ஸ்பைரி என்று ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதுவேன். பைலட் (டிரைவரை அங்கே அப்படித்தான் சொல்வோம்) டயர், டீசல், சைரன் பார்ப்பார். அப்புறம்? உட்கார்ந்திருப்போம். சில ராத்திரி இரண்டு கேஸ். சில ராத்திரி எட்டு. கொசுக்கடியோடு ஒரே ஒரு கேஸுக்காக விடிய விடிய இருந்த நாளும் உண்டு.

அந்தச் சும்மா இருக்கும் நேரம்தான் ஆம்புலன்ஸ் சேவையே. வண்டி எங்கேயோ ஓடிக்கொண்டே இருந்தால் உங்கள் வீட்டுக்கு யார் வருவது? 12 மணி நேர ஷிப்ட் என்றால் ஒரு வண்டிக்கு ஒரு நாளைக்கு 4 பேர். வார விடுப்புக்கு ஆள் சேர்த்தால் இன்னும் கூடும். கேஸ் இரண்டு வந்தாலும் எட்டு வந்தாலும் அந்தச் சம்பளம் மாறாது, டீசல் மட்டும்தான் மாறும்.

இன்சூரன்ஸ் எதற்குப் பணம் தரும்? நடந்ததற்கு. ஒரு கேஸ், ஒரு பில். நிற்கும் வண்டிக்கு அதனிடம் பில் கிடையாது. ஓட்டத்துக்கு மட்டும் காசு என்றால் எந்த ஏரியாவில் கேஸ் குறைவோ அங்கே வண்டி வைப்பவனுக்கு நஷ்டம். வண்டிகள் எல்லாம் ஆஸ்பத்திரி நிறைந்த பக்கமாக நகர்ந்துவிடும். எண்ணூர்க்காரர் போன் செய்தால் வண்டி ராயபுரத்திலிருந்து கிளம்பும்.

இன்னொன்று. சர்க்கரை இறங்கி மயங்கிக் கிடப்பவரைப் பார்க்கப் போவோம். அளந்தால் 38 என்று காட்டும். நரம்பு வழியாக டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றினால் சில நிமிடத்தில் கண் திறந்து "நீங்க யாரு?" என்பார். அப்புறம் வரமாட்டேன் என்று அடம், வீட்டம்மா காபி போடப் போய்விடுவார். கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்புவோம். உயிர் பிழைத்தது, அட்மிஷன் இல்லை. பாலு சார் சொன்ன நிபந்தனைப்படி இந்தக் கேஸின் மதிப்பு சைபர்.

தமிழ்நாட்டில் 108 ஓடுவது காப்பீட்டுப் பணத்தில் இல்லை, வரிப்பணத்தில். 108ஐ நடத்தும் இஎம்ஆர்ஐ அமைப்பு 2005ல் ஐதராபாத்தில் சத்யம் கம்ப்யூட்டர் கம்பெனியின் ராமலிங்க ராஜு ஆரம்பித்தது. இங்கே 2008 செப்டம்பர் 15ல் வந்தது. நாலே மாதத்தில், 2009 ஜனவரியில், சத்யம் கம்பெனியின் கணக்கு மோசடி வெடித்தது. அப்போது ஆதரித்த கம்பெனி போச்சு, வண்டியும் நின்றுவிடும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். நிற்கவில்லை. நிர்வாகத்தில் ஜிவிகே குழுமம் வந்தது, அரசு நடைமுறைச் செலவைக் கொடுத்துக்கொண்டே இருந்தது. அந்தச் செலவில் மத்திய அரசு முதல் ஆண்டு 60 சதவீதம், இரண்டாம் ஆண்டு 40, அதற்கப்புறம் 20 என்று குறைத்துக்கொண்டே வந்தது. மீதியை மாநிலம் ஏற்றுக்கொண்டது. இன்று மாநிலம் முழுக்க 1,300 வண்டிக்கு மேல்.

மயிலை மாலதி

ஈஎம்டி சார் எழுதியதைப் படித்து மரியாதை கூடியது. ஆனாலும் எனக்கு ஒப்பவில்லை.

வரிப்பணம் என்றால் ஒவ்வொரு பட்ஜெட்டிலும் நிதித்துறையிடம் கையேந்த வேண்டும். காப்பீடு என்றால் அது கார்டு வைத்திருப்பவரின் உரிமை. முதலமைச்சர் காப்பீட்டுக்கு அரசே பிரீமியம் கட்டுகிறது, அதுவும் வரிப்பணம்தான். அதில் "நோயாளியைக் கொண்டுவருதல்" என்று ஒரு வரி சேர்த்தால், ஆஸ்பத்திரி வாசல்களில் வரிசையாக நிற்கிறதே தனியார் வண்டிகள், அவற்றுக்கும் ஒரு விதி, ஒரு ரேட் கார்டு, ஒரு கணக்கு வரும். இப்போது அவர்கள் சொன்னதுதான் விலை. விஸ்வா சாரின் ரோஸ் சீட்டே சாட்சி.

ரேட் கார்டு போட முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். 2021 மே மாதம் கொரோனா உச்சத்தில் இருந்தபோது தமிழ்நாடு அரசே போட்டது. சாதாரண வண்டி முதல் 10 கிலோமீட்டருக்கு 1,500, மேல் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 25. ஆக்சிஜன் இருந்தால் 2,000, பிறகு 50. வெண்டிலேட்டர் வண்டி 4,000, பிறகு 100. அந்தக் கணக்கில் விஸ்வா சாரின் 14 கிலோமீட்டருக்கு வெண்டிலேட்டர் வண்டியே 4,400தான்.

வேளச்சேரி விஸ்வா

4,400! வண்டியில் வெண்டிலேட்டர் இருந்தது உண்மை. மூடியே வைத்திருந்தார்கள். அம்மாவுக்கு மூக்கில் ஆக்சிஜன் மட்டும்தான். அப்படியானால் 2,200.

பழைய ஈஎம்டி

மாலதி மேடம், உரிமை என்று சொன்னீர்களே, அந்தக் கார்டு யாரிடம் இருக்கிறது? திட்டத்துக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000க்குள் இருக்க வேண்டும். ரோட்டில் மயங்கிக் கிடப்பவர் சட்டைப் பையில் கார்டைத் தேடிக்கொண்டிருக்க முடியுமா? எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே, பெயர் தெரியாவிட்டாலும் ஏற்று என்பதுதான்.

ஓட்டத்துக்குக் காசு என்றால் இன்னொரு நோயும் வரும். யார் முதலில் கேஸைத் தூக்குவது என்று போட்டி. எந்த ஆஸ்பத்திரி கமிஷன் தருமோ அந்தப் பக்கம் ஸ்டியரிங் திரும்பும். இந்தப் பேச்சு ஊரில் புதிதில்லை, அதற்கு மேல் நான் எழுத விரும்பவில்லை.

ஸ்டுட்கார்ட் செல்வன்

அம்பத்தூர்க்காரன், இப்போது ஜெர்மனியில். இரண்டு பேர் சொல்வதும் இங்கே ஒரே ஊரில் நடக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

இங்கே 112 அழைத்தால் வரும் வண்டிக்குப் பொதுக் காப்பீட்டு நிதிதான் பணம் கட்டும். சம்பளத்தில் பிடிக்கிறார்களே, அதே காப்பீடு. நம் கையிலிருந்து போவது பில்லில் 10 சதவீதம். ஆனால் 5 யூரோவுக்குக் குறையாது, 10 யூரோவைத் தாண்டாது. என் மனைவிக்குப் பிரசவ நேரத்தில் ரத்தக்கசிவு ஏற்பட்டு டாக்டரோடு வண்டி வந்தது. பில்லில் எங்கள் பங்கு 10 யூரோ. மாலதி அக்கா கட்சிக்கு ஒரு ஓட்டு.

ஆனால் ஈஎம்டி அண்ணன் சொன்ன சர்க்கரைக் கேஸ் இருக்கிறதே, அதே பிரச்சினை இங்கேயும் பெரிய சண்டையாகிவிட்டது. ஜெர்மன் காப்பீட்டுச் சட்டம் ஆம்புலன்ஸைச் சிகிச்சையாக எழுதவில்லை, பயணச் செலவாக எழுதி வைத்திருக்கிறது. ஆகவே ஆளை ஏற்றிக்கொண்டு போனால்தான் பணம். வீட்டிலேயே சரிசெய்துவிட்டுத் திரும்பினால் அது "வெறும் ஓட்டம்", கட்டமாட்டோம் என்று காப்பீட்டு நிதிகள் சொல்கின்றன. வண்டி, ஆள், நிலையம் எல்லாம் நகராட்சிகளின் பொறுப்பு, அவர்கள் கணக்கில் பள்ளம் விழுகிறது. 2025ல் நார்ட்ரைன் வெஸ்ட்ஃபாலன் மாநிலத்தில் எசன் போன்ற நகரங்கள், காப்பீடு தராத பங்கை நோயாளியிடமே கேட்கப்போகிறோம் என்று கிளப்பிவிட்டன. இத்தனை வருடம் 10 யூரோவுக்கு மேல் கொடுத்துப் பழகாத ஜனங்கள் கொதித்துவிட்டார்கள்.

கொரட்டூர் குமார்

10 யூரோ கிட்டத்தட்ட ஆயிரம் ரூபாய். ராத்திரி ரெண்டு மணிக்கு கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி கொரட்டூருக்கு ஆட்டோ கேட்டுப் பாருங்க. எசன்காரர்கள் கொதிக்கவே மாட்டார்கள்.

மயிலை மாலதி

செல்வன், நல்ல தகவல். அப்படியானால் மூன்றாவது வழி ஒன்று உண்டு. ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் 2003 முதல் 2011 வரை கரண்ட் பில்லோடு ஆம்புலன்ஸ் வரி வசூலித்தார்கள். வீட்டுக்கு வீடு ஒரு சின்னத் தொகை, யாருக்கும் தனி பில் இல்லை. பிறகு அதையும் எடுத்துவிட்டுப் பொதுப் பட்ஜெட்டில் சேர்த்தார்கள். ஓட்டத்துக்கு இல்லாமல் தயார்நிலைக்குக் காசு, அதே சமயம் அந்தக் காசு எதற்கு என்பது ஜனங்களுக்குத் தெரியும்.

இங்கே கரண்ட் பில்லில் கை வைத்தால் ஆட்சியே போய்விடும், தெரியும். ஆனால் வாகனக் காப்பீடு இருக்கிறதே! 2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்த திட்டத்தில் சாலை விபத்தில் அடிபட்டவருக்கு 7 நாள், 1,50,000 ரூபாய் வரை பணமில்லாச் சிகிச்சை. அதற்கான நிதிக்குப் பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகளின் பங்களிப்பும் போகிறது. நம் மாநிலத்தில் 2021 டிசம்பரில் வந்த "இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48" முதல் 48 மணி நேரத்தைப் பார்த்துக்கொள்கிறது. விபத்துக் கேஸ்களை ஏற்றிவரும் வண்டியின் செலவில் ஒரு பங்கை வாகன பிரீமியத்திலிருந்து எடுத்தால் யார் வேண்டாம் என்பார்?

பிரீமியம் பாலு

கஸ்டமர் என்னிடம் கேட்பாரே மேடம், "ஏன் தேர்டு பார்ட்டி ஏறிடுச்சு" என்று 😅 ஆனால் யோசனை மோசமில்லை.

புளியந்தோப்பு பாத்திமா

எல்லாரும் சைரன் வண்டியைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் வீட்டுக் கதை வேறு. அத்தாவுக்கு டயாலிசிஸ், வாரத்துக்கு மூன்று நாள்: செவ்வாய், வியாழன், சனி. டயாலிசிஸ் முதலமைச்சர் காப்பீட்டில் நடக்கிறது, அல்ஹம்துலில்லாஹ், ஒரு பைசா செலவில்லை. ஆனால் போக 200, வர 200. ஊசி கழற்றினதும் தலை சுற்றும், பஸ்ஸில் ஏற்ற முடியாது. வாரத்துக்கு 1,200, மாதத்துக்கு ஐயாயிரம் தாண்டும். நான் தையல் வேலை பார்க்கிறேன். இதற்கு 108ஐக் கூப்பிடுவது பாவம், அது உயிர் போகிறவருக்கான வண்டி. வைத்தியம் இலவசம், வழிச்செலவுக்கு நகை அடகு. போன ரமலானுக்கு முன்னால் இரண்டு வாரம் அத்தா சனிக்கிழமைகளில் போகவில்லை. ஏன் என்று டாக்டர் திட்டினார், உடம்பு முடியவில்லை என்று சொன்னோம். காசு இல்லை என்று சொல்ல அத்தாவுக்குக் கூச்சம்.

கொரட்டூர் குமார்

பாத்திமாக்கா சொன்ன பிறகு ஒன்று தோன்றுகிறது. பிரசவமாகி வீட்டுக்குப் போக 102 இலவசம். இறந்த பிறகு வீட்டுக்குக் கொண்டுபோக 155377, அமரர் ஊர்தி, அதுவும் இலவசம். இரண்டுக்கும் நடுவில் இருப்பவனுக்குத்தான் மீட்டர்.

பழைய ஈஎம்டி

பாத்திமாம்மா எழுதியதற்கு என்னிடம் பதில் இல்லை. நான் ஆறு நாளாக வாதம் பண்ணிக்கொண்டிருந்தது அவசரக் கேஸை வைத்து மட்டும்தான். அதில் இப்போதும் மாறவில்லை: 1 லட்சம் பேருக்கு ஒரு சாதாரண ஆம்புலன்ஸ், 5 லட்சம் பேருக்கு ஒரு ஐசியூ வண்டி என்பது தேசிய சுகாதார இயக்கத்தின் அளவுகோல். மக்கள்தொகையை வைத்து நிறுத்த வேண்டிய வண்டியை வரிப்பணத்தில்தான் நிறுத்த முடியும்.

ஆனால் டயாலிசிஸ் பயணமும், விஸ்வா சாரின் ஆஸ்பத்திரி மாற்றமும் வேறு ஜாதி. இரண்டிலும் எந்த நாள், எங்கிருந்து எங்கே, யார் என்பது முன்கூட்டியே தெரியும். காத்திருக்கும் செலவு இல்லை, சிகிச்சையும் ஏற்கெனவே காப்பீட்டுக் கணக்கில் பதிவாகியிருக்கிறது. இதற்குத்தான் இன்சூரன்ஸ் சரியான ஆள். டயாலிசிஸ் பேக்கேஜோடு வழிச்செலவு ஒரு வரி. ஆஸ்பத்திரி மாற்றினால் "அனுப்புகிற ஆஸ்பத்திரியே வண்டி ஏற்பாடு செய்து க்ளெய்மில் போடவேண்டும், அரசு ரேட்டில்" என்று ஒரு வரி. குடும்பத்தார் கையில் ரோஸ் சீட்டே வரக்கூடாது. மாலதி மேடம், அந்த அளவுக்கு உங்கள் பக்கம் வந்துவிட்டேன்.

மயிலை மாலதி

அந்த அளவு போதும் சார். மீதியை அடுத்த இழையில் பார்த்துக்கொள்ளலாம் 🙂

பிரீமியம் பாலு

விஸ்வா சார், உங்கள் பில்லுக்கு ஒரு வழி. வண்டிக்காரரிடம் புது பில் கேளுங்கள்: வண்டிப் பதிவு எண், தேதி, நேரம், புறப்பட்ட இடம், சேர்ந்த இடம், நோயாளி பெயர், தொகை, முத்திரை. கூடவே முதல் ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் சம்மரியில் "உயர் சிகிச்சைக்காக ஆம்புலன்ஸில் அனுப்பப்பட்டார்" என்று இருக்க வேண்டும். இல்லாவிட்டால் டாக்டரிடம் தனிக் கடிதம். மறுபரிசீலனைக்கு அனுப்புங்கள். முடியாது என்றால் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரி, அதற்கு மேல் இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மேன். சென்னையிலேயே அலுவலகம் உண்டு.

வேளச்சேரி விஸ்வா

மூன்று வாரம் கழித்து வருகிறேன். பாலு சார் சொன்னபடி எல்லாம் வாங்கி அனுப்பினேன். புது பில் வாங்க மூன்று தடவை நடக்க வேண்டியிருந்தது. நேற்று 2,000 ரூபாய் அக்கவுண்டில் ஏறியது. 6,500 போனது போனதுதான்.

அம்மா வாக்கரில் ஹால் வரை வருகிறார். முதல் நாள் வந்த 108 தம்பி மாடிப்படியில் ஒவ்வொரு படிக்கும் "அம்மா, இன்னும் ஒண்ணு" என்று சொல்லிக்கொண்டே இறக்கினாராம். பெயர் கேட்கவில்லையே என்று புலம்புகிறார்.

பாத்திமா, அத்தா எப்படி இருக்கிறார்?

புளியந்தோப்பு பாத்திமா

நன்றாக இருக்கிறார் அண்ணா. பக்கத்துத் தெருவில் இன்னொருவருக்கும் அதே ஷிப்ட் என்று நர்ஸம்மா சொன்னார். இப்போது ஒரே ஆட்டோவில் இருவரும் போகிறார்கள், ஆளுக்கு நூறு. நாளைக்குச் செவ்வாய். ஆறு மணிக்குச் சொல்லியிருக்கிறேன்.